என் கருவாட்டின் மேல் விழுந்த பழி

போன வருடம் ஓகஸ்ட் மாதம். இத்தாலியின் பலெர்மோ நகரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. லிபெர்த்தா தெருவில், நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஒரு வயதான பெண்ணின் வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். வேலை போனால் அறையும் போகும், இங்கே இருப்பதற்கான அனுமதி, பெர்மெசோ, புதுப்பிப்பதும் சிக்கலாகும்.

மன்னாரிலிருந்து தங்கச்சி கட்டாக் கருவாடு அனுப்பியிருந்தாள். சிஞ்ஞோரா தூங்கும் மத்தியானம் பார்த்து, யன்னலெல்லாம் திறந்துவிட்டு இரண்டு துண்டு பொரித்தேன். மறுநாள் மாடிப்படியெல்லாம் ஒரே நாற்றம். கீழ்வீட்டு அம்மா மூக்கைப் பொத்தியபடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

போர்கோ வெக்கியோவில் இருக்கும் சிநேகிதிக்குப் போன் எடுத்து அழுதேன்.

"உன்ர கருவாடு தானடி, வேற என்ன? கொண்டுபோய் எறிஞ்சிட்டு வினாகிரி போட்டுக் கழுவு" என்றாள்.

மனமே இல்லாமல் மிச்சக் கருவாட்டைத் தூரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வினாகிரி போட்டுக் கழுவினேன். சாம்பிராணியும் போட்டேன். கோயிலுக்குள் மீன் செத்ததுபோல் ஆனதுதான் மிச்சம். கருவாடே இல்லாத வீட்டில் கருவாடு எப்படி நாறும் என்று யோசிக்கக்கூட எனக்கு வரவில்லை.

கடைசியில் கட்டடத்துக்காரர் எல்லாரும் படிக்கட்டில் கூடினார்கள். காரணமானவரை வெளியே அனுப்பவேண்டும் என்று கீழ்வீட்டு அம்மா ஒற்றைக்காலில் நின்றா. நானே முன்னுக்குப் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அது என்ர கருவாடு" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, கடற்கரை ஊரில் சில நாள் நின்றுவிட்டு சிஞ்ஞோராவின் மகள் தோளில் துவாயோடு வந்து சேர்ந்தாள். இத்தாலிப் பெருநிலத்து மலைகளில் கரடி ஆராய்ச்சி செய்கிறவள். லீவில் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துபோய், "ஐயோ, அது என்ர கான்!" என்றாள்.

எல்லாருமாக மொட்டைமாடிக்கு ஏறினோம். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மூடி வெடித்த பிளாஸ்டிக் கான் ஒன்று. உள்ளே மீன்குடலும் மாட்டிரத்தமும். பலெர்மோ வெயிலில் நன்றாகப் புளிக்கட்டும் என்று, கடற்கரைக்குப் போகமுதல் வைத்தாளாம்.

மூக்கைப் பொத்திக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டோம். இரண்டு மலைகளுக்கு நடுவில் கைவிட்ட வயல்களைத் திரும்பவும் காடாக வளர விட்டிருக்கிறார்கள், கரடிகள் அந்த மலைக்கும் இந்த மலைக்கும் போய்வரட்டும் என்று. போகின்றனவா என்று அறிய, சுற்றிவர முள்ளுக்கம்பி கட்டி நடுவில் இதை ஊற்றுவார்கள். மோப்பம் பிடித்து வரும் கரடியின் மயிர் கம்பியில் சிக்கும்.

"இதுக்கோ கரடி வரும்?" கீழ்வீட்டு அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை.

சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப யாரை வெளியில அனுப்பப் போறீங்கள்? என்ர மகளையோ?" என்று கேட்டா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எறிந்த கருவாட்டை நினைக்க ஆத்திரமும் வந்தது.

மாரியில் சிஞ்ஞோராவின் மகள் போன் எடுத்தாள். நடுக்காட்டுக் கம்பியில் மயிர் கிடைத்ததாம், கரடி கடந்துவிட்டதாம். சொந்தக்காரருக்கு விசா கிடைத்ததுபோல் துள்ளிக் குதித்தேன்.

யாரும் கேட்கமுதலே குற்றம் என்னுடையதுதான் என்று தலைகுனிகிற பழக்கம் அன்றோடு என்னை விட்டது. இப்போதெல்லாம் முதலில் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.