சுத்த சைவ டென்னிஸ் ஷூ

சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. காபி டம்ளரை எடுத்தால் டபராவில் தாளம் போடுகிறது. இந்த வாரம் என் கையெழுத்தைப் படித்து அச்சுக் கோப்பவர் யாரோ, அவருக்கு முதலிலேயே என் அனுதாபம்.

ஜுரமா? வீட்டில் திருடன் புகுந்தானா? அதெல்லாம் இல்லை… ஒரு ஜோடி டென்னிஸ் ஷூ!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல்கத்தாவில், பவானிப்பூரில் ஒரு மாடி வீடு. என் வீட்டுக்காரர் கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் உத்தியோகஸ்தர். கப்பலில் வரும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது இன்ன சரக்கு, இதற்கு இன்ன தீர்வை என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகும் அதே வேலைதான். எங்கள் ஒரே பெண் ஜானகி, காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள். தமிழில் பேசுவாள், வங்காளியில் சண்டை போடுவாள்.

அவள் டென்னிஸ் ஆட வேண்டும் என்று கேட்டபோது எனக்கு விளையாட்டைவிட ஷூதான் பயமாக இருந்தது. "தோலை மாட்டிண்டு வீட்டுக்குள்ள வருவியாடி?" என்று கேட்டேன். மாதிரிக்கு ஒரு ஜோடியை வரவழைத்தார் இவர். மடியில் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"மேலே கேன்வாஸ். கேன்வாஸ்னா என்ன? பருத்தித் துணி. அடியில ரப்பர். ரப்பர்னா என்ன? மரத்துப் பால். இதுல ஒரு ஜீவனுக்கும் சேதமில்லை. சுத்த சைவம்! வேணும்னா உக்கிராணத்துக்குள்ளேயே வெச்சுக்கலாம்."

தீர்ப்பு ஆகிவிட்டது. சைவ ஷூ என்றால் நான் என்ன சொல்ல முடியும்?

அடுத்த சங்கடம், அளவு. கடைக்காரன் நம் பெண்ணின் காலைப் பிடித்து ஷூ மாட்டிப் பார்ப்பதாவது! அதனால் ஜானகியைத் தரையில் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு நூலை வைத்து முடிச்சுப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு இவர் மட்டும் சௌரங்கிக் கடைத்தெருவுக்குப் போனார். போகும்போது வாசற்படியில் நின்று, முடிச்சை அவிழ்த்து இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டார்.

"எதுக்குன்னா?"

"வளர்ற பொண்ணு."

"பதினெட்டு வயசுல கால் வளருமா?"

"வளர்ந்துடுத்துன்னா?"

நானும் சும்மா இருந்துவிட்டேன். நம் வீடுகளில் பாவாடை தைத்தால் கீழே இரண்டு மடிப்பு வைக்காமல் தைப்போமா? ஜாக்கெட்டில் உள்தையல் விடாமல் இருப்போமா? ஷூவுக்கு மடிப்பு வைக்க வழியில்லை. அளவைத்தான் கூட்ட வேண்டும். நியாயம்தானே?

நியாயம்தான் — உட்கார்ந்திருக்கும்வரை.

வந்த ஷூவில் முன்னால் இருந்த காலியிடத்தில் இலவம் பஞ்சை அடைத்துக் கொடுத்தேன். ஆட்டத்தின் பாதியில் அது ஒரு பக்கமாக ஒதுங்கி உருண்டையாகிவிடும். ஜானகி இடது பக்கம் திரும்புவாள். ஷூ சற்று யோசித்துவிட்டு அப்புறம் திரும்பும். அவள் நின்றுவிடுவாள், அது இன்னும் கொஞ்சம் போகும். "அம்மா, என் கால் ஒரு ஊர்ல இருக்கு, ஷூ வேற ஊர்ல இருக்கு" என்பாள். "ஓடி ஓடிப் பழகிடும்" என்பார் இவர். கால் பழகுமா, ஷூ பழகுமா என்று சொன்னதில்லை.

இத்தனைக்கும் நடுவே அவள் இந்த வருஷம் பெண்கள் காலேஜ்களுக்கான போட்டியில் ஃபைனலுக்கு வந்துவிட்டாள்! ஜெயிப்பவள் கல்கத்தாவின் சார்பாக அலகாபாத் போய் ஆடலாம்.

"தோத்தா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன் நான், ஆறுதலாக.

"அடுத்த வருஷம் ஏதும்மா? காலேஜ் முடிஞ்சுடும். காலேஜ் முடிஞ்சா டென்னிஸும் முடிஞ்சுது. இது ஒண்ணுதான் எனக்கு."

அதை அவள் அழாமல் சொன்னாள். அதுதான் என்னை ஏதோ செய்தது.

சனிக்கிழமைப் போட்டிக்கு முதல் நாள் பயிற்சிக்குப் போனாள். மார்கழிப் பனி. புல்லெல்லாம் ஈரம். ஷூ பாசி பிடித்த படிக்கட்டு மாதிரிப் பச்சையாகத் திரும்பி வந்தது. கோர்ட்டில் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது போட்டி நடக்கும் கிளப்பின் சட்டம். வெள்ளை பூசும் கட்டி தீர்ந்திருந்தது. கடைக்கு அனுப்பலாம் என்றால் பொரோ தின் விடுமுறை; கிறிஸ்துமஸுக்கு வங்காளிகள் வைத்த பெயர். கிறிஸ்துமஸ் வாரத்தில் சௌரங்கியில் கேக் கிடைக்கும். ஷூ பூச்சு கிடைக்குமா?

அப்போதுதான் என் கண்ணில் பட்டது — அடுக்களை மூலையில் கிண்ணம். மார்கழி மாதமாயிற்றே! விடியற்காலைக் கோலத்துக்குப் பச்சரிசி ஊறப்போட்டு அரைத்த மாவு பாக்கி இருந்தது. வாசலுக்குப் போட்டால் சாயங்காலம்வரை பளிச்சென்று இருக்கிறது. ஷூவுக்குப் போட்டால் இருக்காதா? ஷூவைத் தேய்த்து அலம்பி, துணியை மாவில் தோய்த்து, ஒரு கை பூசினேன். காய்ந்ததும் இன்னொரு கை. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால்… அப்படி ஒரு வெள்ளை! ஜானகிதான் சுண்டிப் பார்த்தாள். 'டக்' என்றது.

"அம்மா, இது ஷூவா, சட்டியா?"

"போட்டு நடந்தா மெத்துனு ஆயிடும். கெளம்பு!"

மைதானத்தை ஒட்டி அந்த கிளப். அழகான புல் கோர்ட். அம்பயராக ஒரு வெள்ளைக்கார மேம்சாகிப், பெரிய தொப்பியோடு. ஜானகியின் ஷூவைப் பார்த்ததும் அசந்துவிட்டார். இவ்வளவு வெள்ளை எந்தக் கம்பெனிப் பூச்சு என்று என்னிடம் விசாரித்தார். நான் புன்சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

எதிரே ஆட வந்தவள் லதிகா. வேறு காலேஜ். வங்காளிக் கட்டாக வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவள் ஷூ காலோடு பிறந்தது மாதிரி இருந்தது. மூன்று செட்டில் இரண்டை எடுப்பவள் ஜெயித்தவள்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஜானகி முதல் பந்துக்கு ஓடினாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம். அடுத்த அடிக்கு ஷூவிலிருந்து ஒரு சின்ன வெண்புகை. அதற்கடுத்து, பச்சைப் புல்லில் வரிசையாக வெள்ளை வெள்ளையாகப் பாதங்கள்!

"கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் நடந்து வந்தாப்ல இருக்கு" என்றார் இவர், பெருமையாக.

கண்ணன் பின்னாலேயே நாலைந்து குருவிகளும் வந்து மாவைக் கொத்தத் தொடங்கின. அவற்றை விரட்ட இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மேம்சாகிப் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குருவிகளைப் பார்த்தேன்.

முதல் செட் போயிற்று. இரண்டாவதில் மாவெல்லாம் உதிர்ந்து ஷூ கொஞ்சம் இளகியது. ஜானகி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த செட்டை எடுத்துவிட்டாள். ஆளுக்கு ஒன்று. கடைசி செட்டுக்கு முன்னால் பெண்களுக்குச் சற்று நேரம் ஓய்வு கொடுப்பது வழக்கம்.

வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகால் இரண்டிலும் கொப்புளம். நான் அவள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் விசிறிக்கொண்டிருந்தார். பெஞ்சுக்குப் பின்னால் ஷூவை யாரும் கவனிக்கவில்லை…

"சாகோல்! சாகோல்!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. வங்காளியில் ஆடு! மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒன்று, வேலியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, பெஞ்சுக்குப் பின்னால் நின்று எங்கள் ஷூவை நக்கிக்கொண்டிருந்தது. நான் அலறினேன். என் அலறலில் பயந்து, இடது ஷூவை வாயில் கவ்விக்கொண்டு அது கிளம்பிவிட்டது.

"புடி! அதைப் புடி!" என்று இவர் பின்னால் ஓடினார். தலைப்பாகை, மூடிய கோட்டு, பஞ்சகச்சம் — மொத்த உத்தியோகமும் ஓடியது. ஆடு வேலியைத் தாண்டியது. இவர் வேலியைச் சுற்றினார். சீமைக் கப்பலில் எந்த மூலையில் ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷர், வெட்டவெளியில் கண்ணெதிரே போகிற ஷூவைப் பறிமுதல் செய்ய முடியாமல் மூச்சிரைக்க நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆட்டுக்காரன் மேல் ஆபீஸ் ஹிந்தியில் ஏதோ பிரிவின்படி வழக்குப் போடுவதாகக் கத்தியதும் காதில் விழுந்தது.

ஒருவழியாக ஷூவோடு திரும்பி வந்தார். ஷூவாகப் போனது, வேறு ஏதோவாக வந்தது. லேஸ் இல்லை. உள் நாக்கு இல்லை. ரப்பர் ஒரு பக்கம் தொங்கியது.

"இப்படியா திங்கும்?" என்றார்.

"சுத்த சைவம்னு நீங்கதானே சொன்னேள்! அதுக்கும் அதே ஆசாரம்தான்."

நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பயத்தில் வாய் அதுபாட்டுக்குப் பேசியது. ஏனென்றால் மேம்சாகிப் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஷூ இல்லாமல் கோர்ட்டில் இறங்கக் கூடாதாம். ஓய்வு நேரம் முடிவதற்குள் ஜானகி வராவிட்டால் ஆட்டம் லதிகாவுக்கு.

ஜானகி வெறுங்காலோடு உட்கார்ந்து, ராக்கெட்டின் நரம்பை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவளைப் பெற்ற நானும் இவரும், ஆளுக்கொரு பக்கம் கிழிந்த ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரிடம் போய்க் கேட்பது? என்ன கேட்பது?

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து லதிகா எழுந்து வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அவளுடைய இன்னொரு ஜோடி ஷூ.

"மாஷிமா, கொஞ்சம் பழசு. ஆனா ஓட்டை இல்லை" என்றாள் என்னைச் சித்தி முறை வைத்து, வங்காளியில்.

ஜானகி நிமிர்ந்தாள். "சும்மா உக்காந்திருந்தாலே நீ ஜெயிச்சுடலாமே?"

"ஜெயிச்சு? ஆடு தோக்கடிச்ச பொண்ணை நான் தோக்கடிச்சேன்னு சொல்லிண்டு அலகாபாத் போகவா? எங்க அண்ணாக்கள் என்னை ஆயுசுக்கும் விடமாட்டா. போடு, போடு! உன் காலும் என் காலும் ஒரே அளவுதான். வருஷம் பூரா பார்த்துண்டுதான் இருக்கேன். உன் ஷூதான் உனக்குப் பெரியம்மா மாதிரி இருக்கு."

இவர் பழக்க தோஷத்தில் அந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குதிகால் பக்கம் உள்ளே பழுப்பாக ஒரு பட்டை. விரலால் தடவினார். நானும் தடவினேன். தோல்! சந்தேகமே இல்லை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "இது… இரவல். இரவல் சாமானுக்குத் தீர்வை கிடையாது. மாட்டிக்கோ!"

முப்பது வருஷ சர்வீஸில் இதைவிட நல்ல தீர்ப்பை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ஜானகி மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி நடந்தாள். நின்றாள். சட்டென்று திரும்பினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கொப்புளம் உரசுகிறதோ என்று பதறிப் போனேன்.

"அம்மா… கால் இருக்கற எடத்துலயே ஷூவும் இருக்கும்மா!"

அப்புறம் அவள் ஆடினதை எப்படி எழுதுவேன்? எனக்கு டென்னிஸ் கணக்குத் தெரியாது. ஆனால் பெண்ணின் நடை தெரியும். அதுவரை, விழுந்துவிடாமல் இருக்கப் பாதி, பந்தை அடிக்கப் பாதி என்று ஓடிக்கொண்டிருந்தவள், இப்போது பந்துக்காக மட்டும் ஓடினாள். இடது பக்கம் என்றால் இடது பக்கம். நில் என்றால் நின்றாள். குதித்துத் திரும்பும்போது எங்கே கணுக்கால் சுளுக்கிக்கொள்ளுமோ என்று நான் கண்ணை மூடிக்கொள்வேன். திறந்து பார்த்தால் அடுத்த பந்துக்குப் போயிருப்பாள். லதிகாவும் விடவில்லை. ஷூவைக் கொடுத்தாளே தவிர ஒரு பந்தைக் கொடுக்கவில்லை. அவள் முன்னே, இவள் முன்னே என்று செட் நீண்டுகொண்டே போயிற்று. என் உள்ளங்கையெல்லாம் நகக்குறி.

கடைசியில் கூட்டம் எழுந்து கைதட்டியது.

"ஏன்னா, யாரு ஜெயிச்சா? யாருன்னா?"

இவர் தலைப்பாகையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். கிடர்பூரில் யாரும் இவர் வழுக்கையைப் பார்த்ததில்லை. அன்று மைதானமே பார்த்தது.

வலைக்கு அருகில் இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு நின்றார்கள். "என் ஷூவை வெச்சே என்னை அடிச்சுட்டியே, ராட்சசி!" என்றாள் லதிகா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. அவளுக்கும் இது கடைசி வருஷமாம்.

டிராமில் வீட்டுக்கு வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். பெற்றவர்கள் நாங்கள், இவள் கால் நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று கவலைப்பட்டோம். எதிரில் நின்று ஆடியவள்தான் இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்து வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டிலும் பெண் குழந்தை இருந்தால் ஒரு தரம் அதன் காலைப் பாருங்களேன்… சும்மா சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அலகாபாத் ரயில். ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது லதிகா வாங்க மறுத்துவிட்டாள். ஜெயித்துவிட்டு வந்து கொடு என்றாளாம். ஹௌரா ஸ்டேஷனுக்கு அவளும் வருகிறாள் — ஜானகியை வழியனுப்ப இல்லையாம், ஷூவை வழியனுப்ப!