சோற்றில் கை வைத்த பிறகு

எங்கள் அப்பா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதிக் கொடு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நல்லதை எழுதுகிறேன். அதை மட்டும் எழுத என்னால் முடியாது.

அப்பா தருவைகுளத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து தோணி ஏறியவர். தண்டலாக, அதாவது தோணிக்கே தலைவராக உயர்ந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன அத்தனை வருடத்தில் ஓர் ஆளைக்கூடக் கடலுக்குப் பறிகொடுக்காதவர். குடித்ததில்லை. மூன்று தங்கைகளைக் கரையேற்றினார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் வீட்டில் அவர் எங்களோடு பேசியது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். அதுவும் உட்கார்ந்ததும் பேச மாட்டார். நாங்கள் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசையும் வரை காத்திருப்பார். எச்சில் கையோடு யாரும் ஓட முடியாது. சோற்றைப் பாதியில் விட்டு எழுவது பாவம் என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தார். அது தெரிந்தேதான் அப்பா விசாரணையைத் தொடங்குவார். மதிப்பெண் ஏன் குறைந்தது, தெருமுனையில் யாரோடு நின்றாய், பூசைக்கு ஏன் பிந்தினாய். வாய்ச் சோற்றை விழுங்கி விழுங்கிப் பதில் சொல்லுவோம். சீலா மீன் குழம்பின் ருசி எனக்குத் திருமணமான பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் முதல்முறை வேறொரு தோணியில் போய், போக வர வாந்தியெடுத்தே திரும்பியிருந்தார். இனிப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு அப்பாவின் தோணிக்காரர்கள் நாலு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அண்ணன் இரண்டாவது வாய் எடுத்தபோது அப்பா கேட்டார்.

“ஏலே, தண்டல் மவனுக்குக் கடலப் பாத்தாலே கொமட்டுதாம்லா?”

வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சோற்றை அப்படியே விட்டு எழுந்தார். “இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்” என்றார்.

பதினான்கு வருடம் நனைக்கவில்லை. வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், தண்ணீர்கூட வாங்க மாட்டார். அப்பாவும் அவரும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். சேர்ந்து சாப்பிடாதவர்களுக்கு இடையே அதற்கு மேல் பேச்சு வளராது என்று அங்கேதான் கண்டேன். அம்மா அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினார்.

பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை விழுந்த பிறகு மகள் நான்தான் ஊட்டினேன். ஒரு மதியம் கஞ்சியை அவர் வாயில் வைத்துவிட்டு, “அண்ணன ஏன்ப்பா அத்தன பேரு முன்னால அப்படிக் கேட்டிய?” என்றேன். வாய் நிறையும் வரை காத்திருந்துதான் கேட்டேன்.

அப்பா விழுங்க முடியாமல் விழுங்கினார். “ஏளா, திங்க விடுளா” என்றார்.

நாங்கள் அத்தனை வருடம் அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாத வார்த்தை அது. மீதிக் கஞ்சியை அவர் வாங்கவில்லை. மறுவாரம் போய்விட்டார்.

அடக்கத்தன்று தோணிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து அழுதார். கடலில் தண்டல் சாப்பிட உட்கார்ந்தால் ஒரே சிரிப்பாக இருக்கும், வயிறு நிறைந்த பிறகும் எழுந்திருக்க மனசு வராது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் ஒரு பிடியாவது எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கலாம். அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த என்னையும்தான்.

அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், வீடு தேடி நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த தோணிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று திருப்பலி முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. அண்ணன் பந்தியில் உட்காரச் சம்மதித்திருக்கிறார். எதிரே உட்காருகிறவர்களும் பக்கத்தில் உட்காருகிறவர்களும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டே தீர வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேளுங்கள். இன்று நான் சாப்பிடப் போவதில்லை.