பிரெஞ்சுப் புரட்சியும் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டும்

அன்று அறையில் இருந்தவர்கள்: மோல்டிங் மிஷின் ஓட்டும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவர் மனைவியான அண்ணி, ஒக்கலிபுரத்திலிருந்து வரும், கன்னடம் கலந்து பேசும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், நான். வராதவர் எலக்ட்ரீஷியன். ஏன் வரவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரே தொழிற்சாலையில்தான் எங்களில் ஆண்கள் எல்லோருக்கும் வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற இடம். நான் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் கணக்குப் பதிபவன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான், வரலாற்றில் பி.ஏ. அந்தப் பட்டத்தால் அதுவரை யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை. ஐரோப்பாவில் போர் மூண்டு, ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றபோதுதான் கேன்டீனில் அண்ணன் கேட்டார்.

"ஏன் தம்பி, எங்கியோ ரெண்டு நாட்டுக்காரன் அடிச்சிக்கினா என் ஓவர்டைம் ஏன் போவுது? நீதான் ஹிஸ்டரி படிச்சவனாச்சே, சொல்லேன்."

 பதில் தேடி அந்த வாரமே அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஐரோப்பிய வரலாறு பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினேன். ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டில் கொஞ்சம் வாசித்து, தமிழில் சொல்வேன். முதலில் சொன்னது முதல் உலகப் போரை. ஓர் இளவரசரைச் சுட்டதில் தொடங்கி, ஒப்பந்தம் போட்டிருந்த ஒவ்வொரு நாடாக உள்ளே இழுக்கப்பட்டதைச் சொன்னபோது அண்ணன் தலையாட்டினார். "நம்ம லைன் மாதிரிதான். ஒரு மிஷின் ஜாம் ஆனா பின்னாடி இருக்கிறதெல்லாம் வரிசையா நிக்கும்." எந்த வாத்தியாரும் எனக்கு அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தச் சமயம் அண்ணனைப் பெர்மனென்ட் ஆக்கும் ஃபைல் ஆபீஸில் இருந்தது. கான்ட்ராக்டிலேயே பல வருடம் ஓட்டிவிட்டவர். லீவுக்குச் சம்பளம் கேட்ட பேக்கிங் ஆள் ஒருவரை மறுநாளிலிருந்து கேட்டுக்குள் விடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாலு பேர் கூடி அரசியல் படிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை மேலே போனால், அண்ணனின் ஃபைல் அப்படியே நின்றுவிடும். அதனால்தான், மாடியில் என்ன கூட்டம் என்று வீட்டு ஓனரம்மா கேட்டபோது அண்ணி யோசிக்காமல் சொன்னார்: "சீட்டு போடறாங்கம்மா."

நல்ல பதில்தான். நாலு பேர் மாதாமாதம் கூடிப் பணம் போட்டு, ஏலத்தில் தள்ளி எடுக்கிற சீட்டு பொம்மசந்திராவில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய காலம். ராஜாவையும் சர்ச்சையும் கேள்வி கேட்ட சிந்தனையாளர்கள் தங்கள் நூல்களை வெளிநாட்டில் அச்சடித்து, பொய்யான ஊர்ப் பெயர் போட்டு உள்ளே கடத்தினார்கள். பாரிஸின் காபிக் கடைகளில் பக்கத்து மேஜையில் ராஜாவின் ஒற்றன் உட்கார்ந்திருப்பான்.

"பக்கத்து மேஜை எதுக்கு குரு," என்றார் டிரைவர். "நம்ம பாய்லயே ஒரு எடம் காலியா இருக்கே. அந்த கரண்டு ஆளு எங்க?"

"மச்சினிச்சி வீட்டுக்குப் போறன்னாரு," என்றார் அண்ணன்.

"நேத்து சாயந்திரம் சூப்பர்வைசர் கேபின்ல நின்னிருந்தான். நான் கண்ணால பாத்தேன்."

கதவு தட்டப்பட்டது. புத்தகத்தை அண்ணி பாய்க்கடியில் தள்ளினார். திறந்தால், சூப்பர்வைசரே நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை, டீ ஷர்ட்டில்.

"சீட்டு நடக்குதாமே. என்னையும் ஒரு ஆளா சேத்துக்கங்கப்பா."

அண்ணன் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பாய் மேடாக இருந்த இடத்தைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு வரேன்," என்று இறங்கிப் போனார்.

"முடிஞ்சுது," என்றார் டிரைவர். "அவன்தான் போட்டுக் குடுத்துட்டான்."

புரட்சி வென்ற பிறகு ஊர் ஊராகக் கமிட்டி போட்டு, சந்தேகப்பட்டவர்களை எல்லாம் பிடித்து அடைத்ததையும், பிடித்தவர்களே பிறகு பிடிபட்டதையும் நான் எடுத்துச் சொன்னேன். எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன்.

"கேட்டா ஆமான்னா சொல்வான்? நீ சும்னே இரு," என்றார் டிரைவர்.

எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான்.  கடைசியில் அண்ணி சொன்னார்: "சேக்கலன்னா சந்தேகம் வரும். சீட்டுன்னு சொல்லியாச்சு, சீட்டே போடுங்க. உங்க ராஜா கதைய பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தப்புறம் வச்சுக்கங்க."

அப்படித்தான் நிஜமாகவே சீட்டு ஆரம்பித்தோம். ஆளுக்கு நாலாயிரம், ஐந்து பேர். அண்ணன், டிரைவர், நான், சூப்பர்வைசர், ஐந்தாவதாகத் தானே வந்து சேர்ந்துகொண்ட ஓனரம்மா. எலக்ட்ரீஷியனை யாரும் கூப்பிடவில்லை. வேலை நேரத்தில் அவர் என்னிடம் வந்து, "என்னப்பா, இந்த வாரம் படிக்கலையா?" என்றார். "இல்லண்ணா, நின்னுடுச்சு," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனார். அதன்பின் கேன்டீனில் வேறு மேஜைக்கு மாறிவிட்டார்.

முதல் ஏலத்துக்கு சூப்பர்வைசர் எல்லோருக்கும் முன்னால் வந்தார். அண்ணி சமையல் மேடையில் காலண்டர் தாளால் அட்டை போட்டு வைத்திருந்த புத்தகத்தை அவர் எடுத்துப் புரட்டினார். கூட்டத்துக்கு நடுவில் தலைவெட்டும் இயந்திரத்தின் படம் இருந்த பக்கம்தான் திறந்தது.

"இது யாரோடது?"

"என்னுது சார். பரீட்சைக்குப் படிக்கிறேன்."

"ஓ," என்றார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ராஜா தலைய வெட்டிட்டாங்களே, அதுக்கப்புறம் வேலை செஞ்சவனுக்கு யாரு சம்பளம் குடுத்தா?"

நல்ல கேள்வி. அரசாங்கம் காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளியதையும், அதற்கு மதிப்பில்லாமல் போய் ரொட்டிக்கு வரிசை நின்றதையும் முந்தைய வாரம்தான் தனியாக வாசித்திருந்தேன். பதில் நாக்கு வரை வந்துவிட்டது. டிரைவர் என் தொடையில் முழங்கையால் இடித்தார்.

"அந்தப் பாடம் இன்னும் வரல சார்," என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று வாரக் கணக்கில் யோசித்தேன்.

ஏலத்தில் அவர் ஒரேயடியாக ஐயாயிரம் தள்ளினார். இருபதாயிரம் சீட்டைப் பதினைந்தாயிரத்துக்கு எடுக்கிறார் என்றால் அவ்வளவு அவசரம் என்று அர்த்தம். தள்ளிய தொகை பிரிந்துபோக, ஆளுக்கு மூவாயிரம்தான் கட்ட வேண்டியிருந்தது. ஓனரம்மாவுக்குச் சந்தோஷம். நாங்கள் மூவரும் மட்டும் இதில் என்ன பொறி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டோம். தள்ளுபடியாகப் பணத்தைக் கொடுத்து எங்களைச் சோதிக்கிறாரா, எடுத்துச் சோதிக்கிறாரா?

அடுத்த வாரம் அண்ணனுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் சூப்பர்வைசரின் கையெழுத்து இருந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்தபடியே நின்றார். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்ல மனுஷன்தானோ," என்றார். அன்றைக்குத்தான், சீட்டு விஷயம் அவருக்கு எப்படிப் போனது என்பதும் தெரிந்தது. ஓனரம்மாவின் மகன்தான் தொழிற்சாலைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். "எங்கம்மாவும் அந்தச் சீட்டுல சேரணும்ங்கறாங்க," என்று கேபினில் கேன் இறக்கும்போது சொல்லியிருக்கிறான். இது ஓனரம்மாவே பேச்சுவாக்கில் எங்களிடம் சொன்னது. நான் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார். "பரவால்லப்பா, நீங்க சீட்டு கட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் பேனலைத் திறந்து வேலையைப் பார்த்தார்.

இரண்டாவது ஏலத்துக்குச் சூப்பர்வைசர் வரவில்லை. ஓசூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். போன் ஸ்விட்ச் ஆஃப்.

"போலீஸ் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்," என்றார் டிரைவர்.

"என்னன்னு குடுப்ப?" என்றார் அண்ணன். "பதிவில்லாத சீட்டு. ஞாயித்துக்கிழமை இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கன்னு கேப்பான். அந்தாளு கையெழுத்துலதான் எனக்கு ஆர்டர் வந்திருக்கு. ஆபீஸ்ல அத திருப்பி எடுத்துப் பாத்தா?"

 அந்த மனிதர் முதல் நாளே பாயின் மேட்டைப் பார்த்துவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மறைக்க ஏதோ இருக்கிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் எங்கள் மாடியைத் தேர்ந்தெடுத்தார். அண்ணி இதை ஒப்புக்கொள்வதில்லை. அவருக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கும் என்கிறார்.

சீட்டை நிறுத்தினோம். ஓனரம்மா கட்டிய மூவாயிரத்தையும் நாங்களே பிரித்துக்கொண்டு அவர் கையில் திருப்பிக் கொடுத்தோம். கட்டிய மூவாயிரமும் இந்த ஆயிரமும் சேர்த்து ஆளுக்கு நாலாயிரம் நஷ்டம். மூன்று பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.