பிரேக்கில் ஏறிய காற்று

பிரேக் ஆயிலுக்கு ஒரு வாசனை உண்டு. பெட்ரோலைப்போல மூக்கில் குத்தாது, டீசலைப்போலத் தொண்டையில் தங்காது. பழைய விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததுபோல லேசான இனிப்போடு வரும், வந்தபின் போகாது. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை முழுவதும் என் பாவாடையிலும் இரட்டைப் பின்னலிலும் அந்த வாசனைதான் இருந்தது. எங்கள் பிளாக்கின் மற்றப் பெண்பிள்ளைகள் மருதாணி வைத்துக்கொண்டு திரிந்தபோது, நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய்த் திரிந்த எனக்கு "கிரீஸ் டப்பா" என்று பெயர் வைத்தார்கள். அந்த வயதில் எனக்கு அழகாக இருந்த ஒரே விஷயம் அந்தப் பெயர்தான்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்புறத்தில், முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே, ஒரு ஜீப் நின்றது. நின்றது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். சக்கரமில்லாமல், கதவில்லாமல், நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் அது உட்கார்ந்திருந்தது. அப்பாவும் சேத்தியாத்தோப்பு மாமாவும் சேர்ந்து ஏலத்தில் எடுத்த வண்டி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா மைன்ஸில் வண்டிப் பட்டறை மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் "பர்மனென்ட்" என்ற வார்த்தையை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய அப்பா வரைக்கும் திருவதிகைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கியவர்கள். மாமா வெள்ளாற்றங்கரையில் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போட்டிருந்தார். அந்த நிலத்துக்குப் போகிற பாதை ஒரு தூற்றல் விழுந்தாலே குழம்பாகிவிடும், மாட்டு வண்டிகூட இறங்காது. அறுத்த நெல்லை மூட்டை மூட்டையாகத் தலையில் வைத்துத்தான் தார் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

"நம்ம சனம் தலையில தூக்கினது போதும் மச்சான். இனிமே இது தூக்கட்டும்" என்று மாமா பானட்டை ஓங்கித் தட்டினார். பானட் கழன்று அவர் காலில் விழுந்தது. ஜீப் தந்த முதல் பதில் அதுதான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேறு யாரிடமும் வாய் திறக்காத அப்பா, மாமா வந்தால் மட்டும் ஜீப்பின் அடியில் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். சேற்றில் அடி தட்டாமலிருக்க, வண்டியைத் தாங்கும் வில் பட்டையில் கூடுதலாக இரண்டு பட்டை வைத்து வண்டியை உயர்த்தினார்கள், பெரிய டயர் போட்டார்கள். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூட்டை அடுக்க இரும்புத் தகடு அடித்தார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியர் ஒரு நாள் கொரகொரவென்று முதல்முறையாகப் பொருந்தி விழுந்தபோது இருவரும் சந்தோஷத்தில் ஜீப்பைச் சுற்றி ஓடி வந்ததை, மாமாவின் வேட்டி முருங்கைக் கிளையில் மாட்டிக்கொண்டதை, நான் பிளாக் முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறேன். அப்போதே நான் ஊர்ச் சிரிப்புக்குக் குத்தகைதாரி. நான் சொல்வதில் பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எது அந்தப் பாதி என்பது மட்டும் தெரியாது.

கடைசி வேலை பிரேக். புது பைப்பும் சிலிண்டரும் போட்ட பிறகு "ஏர் எடுக்க" வேண்டும், அதாவது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை நாலு மிதி மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் அடியில் படுத்துச் சக்கரத்தின் பின்னாலிருக்கும் நிப்பிளைத் திறப்பார். காற்றும் ஆயிலும் புஸ்ஸென்று வரும். அவர் நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். மிதிக்கிற வேலை எனக்கு. சீட்டின் நுனியில் தொங்கி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தால்தான் கால் எட்டும்.

"நடுவுல கால எடுத்தின்னா வெளிக்காத்து உள்ள பூந்துக்கும். அப்புறம் மிதிச்சா பஞ்சு மாதிரி போவும், பிரேக் புடிக்காது. புரிஞ்சிதா கொரங்கே?" என்றார் அப்பா.

எனக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை செரிக்காத இடம்.

அன்று அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மதியம் ஷிப்ட்டுக்கு முன்னால் ஒரு சங்கு ஊதும். ஊதியதும் நான் எங்கே இருந்தாலும் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, அப்பா குளிக்க வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். துண்டும் பூட்ஸும் எடுத்து வைக்க வேண்டும். பஸ் போய்விட்டால் ஆப்சென்ட். டவுன்ஷிப் பிள்ளைகளின் காதுக்கும் காலுக்கும் நடுவே மூளை கிடையாது, சங்கு நேராகக் காலுக்குத்தான் போகும்.

மூன்று சக்கரம் முடிந்து, கடைசியாக ஓட்டுகிறவர் பக்கத்து முன்சக்கரம். அப்பா நிப்பிளைத் திறந்தார். சங்கு ஊதியது. நான் குதித்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் கடமை தவறாமல் ஓடியதே தப்பாகிப்போன நாள் அது ஒன்றுதான். துவைக்கிற கல் வரைக்கும் ஓடிய பிறகு உறைத்தது. திரும்பி ஓடிவந்து ஏறி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது. சங்குச் சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"புடிச்சிகினு இருக்கியா?"

"புடிச்சிகினுதாம்பா இருக்கேன்."

அந்த நொடியில் அது உண்மைதான். அப்பா நிப்பிளை மூடினார். எப்போதும் தானே ஒருமுறை ஏறி மிதித்துப் பார்க்காமல் ஸ்பேனரைக் கீழே வைக்கிறவர் அல்ல. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாளியில் தண்ணீர் வேறு இல்லை, அதற்கும் நான்தான் காரணம். பாதி ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடும்போது மாமாவிடம், "ஏர் எடுத்தாச்சி மச்சான், மிதிச்சிப் பாத்துட்டு எடு. காலையில அறுப்புக்கு நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாமாவின் வயலில் அறுப்பு. ஜீப் அன்று மாலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அம்மாவும் கூடப் போவதாக ஏற்பாடு.

அதன் பிறகு நான் நடத்திய நாடகங்களை எண்ணினால் இப்போதும் காது சுடுகிறது. முதலில் வயிற்று வலி. "நேத்து தின்ன பலாச்சொள வேலையக் காட்டுது" என்றார் மாமா. அடுத்து, சாவியை அரிசி டப்பாவில் புதைத்தேன். அம்மா சோறு வடிக்கப் போய் எடுத்துவிட்டாள். கடைசியில் வாயைத் திறந்து பாதியைச் சொன்னேன்.

"மாமா, பிரேக் புடிக்காது மாமா."

"யாரு கையப் பத்தி பேசுறடி? உங்கப்பன் கை பட்ட வண்டிய எமனே ஓட்டிகினு வந்தாலும் சொன்ன எடத்துல நிக்கும்." ஏறி உட்கார்ந்து மூன்று முறை சரசரவென்று மிதித்தார். காற்று ஏறிய பிரேக் அப்படித்தான் ஏமாற்றும். அடுத்தடுத்து மிதித்தால் இறுகிக்கொள்ளும். "பாரு, கல்லு மாதிரி இருக்குது. அக்கா, இவள நாடகத்துல சேத்து வுடு."

"நான்தான் காலை எடுத்தேன்" என்று மூன்றே வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால், அப்பாவிடம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னது பொய்யாகிவிடும். ஆயிரம் பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்னவளுக்கு அந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். நான் உள்ளே இருந்தால் சாமி வண்டியைக் கவிழ்க்காது என்று ஒரு கணக்கு.

வடலூர் வரைக்கும் சாமி கணக்கைக் காப்பாற்றியது. ரோடு காலியாக இருந்தது, மாமா பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தை அடக்கி ஓட்டினார். வடலூர் தாண்டி, மைன்ஸ் தண்ணீர் போகிற வாய்க்காலை ஒட்டி ரோடு இறங்குகிற இடத்தில், கேரியரில் இரண்டு பலாப்பழம் கட்டிய சைக்கிள்காரர் குறுக்கே திரும்பினார். மாமாவின் கால் தரை வரை போனதை நான் பார்த்தேன். மறுபடி மிதிக்க நேரமில்லை. சைக்கிளைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தார். உயர்த்திய வண்டி, பெரிய டயர். அது அப்படியே சாய்ந்து வாய்க்காலில் இறங்கியது.

சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நெற்றியில் தையல். மாமாவின் வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான் கத்திய கத்தலில் எல்லோரும் என்னைத்தான் முதலில் தூக்கித் தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் டிராக்டர் வைத்து ஜீப்பை மேலே இழுத்துப் போட்டபோது அப்பா பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வந்தார். வாய்க்கால் கரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரமாகத் திறந்து பார்த்தார். அந்த முன்சக்கரத்து நிப்பிளில் ஆயில் குமிழி குமிழியாக வந்தது. விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தார், மறுபடியும் குமிழி. என்னிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. "அவசரப்பட்டுட்டேன்" என்று மட்டும் சக்கரத்திடம் சொன்னார்.

மாமாவின் நெல் அந்த முறையும் தலையில்தான் ரோட்டுக்கு வந்தது. நெற்றிக்கட்டோடு அம்மாவும் தூக்கினாள். களத்தில் அத்தை எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் கேட்டாள்: "மைன்ஸ்ல பெரிய மெக்கானிக்குன்னு சொன்னாங்க. ஊரான் வண்டிக்கெல்லாம் பிரேக்கு புடிக்குது, எம் புருசன் வண்டிக்கு மட்டும் புடிக்கலியா?" மாமா கட்டுப்போட்ட கையை ஆட்டி, "அடியே, பலாப்பழம் குறுக்க வந்திச்சி, அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு" என்று சிரித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு மாமா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜீப்பை இரும்புக்கடைக்காரன் வெட்டி எடுத்துப் போனான். பட்டறையிலிருந்து அப்பா தானே கேட்டு பம்ப் ஹவுஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். "இந்தக் கைய நம்பி இன்னொருத்தன் வண்டில ஏறக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

மாமாவின் கை கோணலாகக் கூடியது. அந்தக் கையோடு இரண்டு முறை நெய்வேலிக்கு வந்தார். "மச்சான் இல்லியா? இன்னொரு வண்டி ஏலத்துக்கு வருதாம்" என்று வாசலில் நின்றபடி கேட்டார். அப்பா பின்கதவு வழியாகப் போய்விட்டார். "அப்பா ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு மாமா" என்று இரண்டு முறையும் சொன்னது யாரென்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் முறை அவர் வரவில்லை.

இப்போது அப்பா ஓய்வுபெற்று வடலூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். எங்கள் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகக் காட்டாமணக்கு உள்ளே எட்டிப் பார்க்கிறது. வெள்ளாற்றங்கரைப் பாதையில் சிமென்ட் போட்டுவிட்டார்கள். அறுப்பு மெஷின் வயலுக்குள்ளேயே இறங்கி நெல்லை டிராக்டரில் கொட்டுகிறது. அங்கே சேறும் இல்லை, சுமப்பவர்களும் இல்லை, ஜீப்புக்கும் வேலை இல்லை. போன வருடம் மாமாவும் போய்விட்டார். சாவுக்கு அப்பா வந்தார். கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்று, கடைசியில் மாலையைப் போட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், வடலூர் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சங்கு ஊதியது, குதித்தது, துவைக்கிற கல்லிலிருந்து திரும்பி ஓடிவந்தது, எல்லாவற்றையும். முதலில் சிரித்தார். நான் அவரைத் தேற்றுவதற்காக ஒரு கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். "உன் கதைய நம்புறதுக்கு நான் என்ன உங்க மாமனா?" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கையில் இருந்த காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"நீ கால எடுத்ததுக்கு ஒண்ணுமில்ல. கொழந்த. மிதிச்சிப் பாக்காம ஓடுனவன் நான்தான். அது என் தப்புதான், அதுல மாத்தம் இல்ல" என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிடப் போனேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஆனா அவன் இருக்கும்போது சொல்லியிருந்தின்னா, ரெண்டு பேருமா சேர்ந்து உன்னத் திட்டறதுக்காவது நான் அவன் வூட்டுக்குப் போயிருப்பேன்."