அந்த இடம் வரட்டும்

அக்காவின் காதுகளில் வெள்ளைப் பஞ்சு இருந்தது. பிள்ளை பெற்றவள் காதில் காற்று புகக்கூடாது என்று அம்மா அடைத்தது. சன்னலுக்கு வெளியே திருத்தணி மலையை மேகம் பாதி விழுங்கியிருந்தது. என் போனில் அவளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பழைய தெலுங்குப் பாட்டு அது. திருப்பதி பஸ்ஸில் கேட்டபோது அவளைப் பிடித்துக்கொண்டது, பிறகு என்னையும். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, தூக்கத்தில் யாரோ கூப்பிடுவதுபோல ஒரு புல்லாங்குழல் மட்டும் எழும். அந்த இடத்தில் அவளுக்கு உள்ளங்கை சில்லிட வேண்டும். சில்லிட்டால் மனசு சரி. லேசாகத்தான் என்றால் களைப்பு. எரிச்சல் வந்தால் யாரோடோ சண்டை பாக்கி என்று அர்த்தம். காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, காலையில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன், எங்கள் பாவா, "இன்னாம்மா, பாட்டு இன்னா சொல்லிச்சு? உன்னாண்ட பேசலாமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டே பேச்சை ஆரம்பிப்பாராம்.

அன்று குழல் எழுந்தது, அடங்கியது. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சாக்கா?"

"கிருத்திகைக் கூட்டத்து மைக்கு மாதிரி கேக்குதுடா. வெறும் சத்தம்."

எனக்கு எதையும் உடனே சரிசெய்தாக வேண்டும். பஞ்சுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். அரக்கோணம் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்து, அம்மா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"பஞ்சு இல்லடா, நான்தான். கொயந்தய தூக்குனாலும் இப்டித்தான் கீது. ஒண்ணும் தோணல. என்னிய டாக்டராண்ட இட்டுகினு போ."

ஈரத்தலையோடு வந்த அம்மாவுக்குக் கோபம். "பாட்டு புடிக்கலன்னு யாருனா டாக்டராண்ட போவாங்களா? ஊரு சிரிக்கும்டி."

அன்று வந்திருந்த பாவா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சிரிக்கல அத்த. கெளம்பும்மா."

டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் சிலரைப் பிடிக்கிற மனச்சோர்வு இது, முற்றுவதற்குள் வந்தது நல்லது என்றார். மாத்திரை, அவரோடு பேச்சு, முடிந்தவரை தூக்கம். அந்த நாட்கள் மலைமேல் மேகம் நகர்வதுபோல நகர்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது, மறந்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும்.

ஒரு காலை, நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். போனைச் செம்புக்குப் பின்னால் அவளே சாய்த்துவைத்திருந்தாள். நான் துண்டை விரித்தபடி நின்றேன். சென்னை ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"குடுக்கா, ட்ரெயின் பூடும்."

"இருடா. அந்த எடம் வரட்டும்."

வெந்நீரின் ஆவி எங்கள் மூவரையும் சுற்றி எழுந்தது. குழல் வந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். குழந்தைகூட அழாமல் கிடந்தது.

"வந்துச்சா?"

"வரல." ஈரக் குழந்தையை என் துண்டில் போட்டாள். "ஆனா, வரும்னு காத்துகினு இருந்தேன் பாத்தியா?"

ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கமாக அரக்கோணம் வருவதற்குள் நானும் அந்தப் பாட்டைக் கேட்டு, என் மனசு எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். அன்று போடவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.