வடக்கை எக்ஸ் என்று எழுதியவர்

இடது கையின் ஆட்காட்டி விரல் அளவுப் புத்தகத்தில் ஓர் எண்ணின் கீழ் நிற்கிறது. வலது கை அந்த எண்ணைக் கணினியில் தட்டுகிறது. விரல் நகர்கிறது, அடுத்த எண். பதினேழு புள்ளிகள், முப்பத்துநான்கு எண்கள். இதே எண்களை இதே கைகள் ஒரு மாதத்துக்கு முன்பே தட்டியிருந்தன. இப்போது மறுபடியும், அலுவலகத்துக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னால்.

குணசேகர் கோலார் தங்க வயலின் சர்வே அறையில் இருபது ஆண்டு இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு கணினியைத் தானே கற்றுக்கொண்டார். 2008-இல், ரிச்சர்ட்ஸ் டவுனில் ஏரிகளை வரைபடமாக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குத் தினமும் ரயிலில் வந்துபோனார். அவர் பார்த்த கணக்கை அங்கே இன்னொருவர் சரிபார்ப்பதில்லை.

விலையில்லாமல் கிடைக்கும் வரைபட மென்பொருள்களில் நமக்கு எது ஆகும் என்று ஒப்பிட்டு எழுதித்தரும்படி நிறுவனத் தலைவர் சீனிவாசராகவன் அவரிடம்தான் கேட்டார். கியூஜிஐஎஸ், ஜிவிஎஸ்ஐஜி என்ற இரண்டைக் குணசேகர் எடுத்துக்கொண்டார். எது எத்தனை நொடியில் திறக்கிறது, கன்னட எழுத்து உடையாமல் வருகிறதா, அச்சில் அளவுகோல் சரியாக விழுகிறதா என்று தாளில் கட்டம் போட்டு எழுதினார். பிறகு, ஓர் ஏரிக்கரையில் எல்லைக்கல்லிலிருந்து தானே அளந்த பதினேழு புள்ளிகளை இரண்டிலும் ஏற்றினார். ஜிவிஎஸ்ஐஜியில் ஏரி சரியாக வந்தது. கியூஜிஐஎஸ்ஸில் புரண்டு வந்தது. வடக்கே இருக்கவேண்டிய மதகு கிழக்கே போயிருந்தது. மறுமுறை ஏற்றினார். அப்போதும் அப்படியே. கடைசிக் கட்டத்தில் எழுதினார்: "இது திசையைப் புரட்டுகிறது. நம்ப முடியாது."

அதே அலுவலகத்தில் வரைபடம் போடும் தர்ஷினி ஈரோட்டுப் பெண். அதற்குள் நாற்பது ஏரிகளைக் கியூஜிஐஎஸ்ஸில் வரைந்துமுடித்திருந்தாள். அறிக்கையைப் படித்ததும், நாற்பதையும் ஒவ்வொன்றாக அளவுத் தாளோடு ஒத்துப்பார்க்கச் சொன்னார் சீனிவாசராகவன். டீ குடிக்கும்போது ஒருவர், "உங்க ஊர்ல சூரியன் வடக்கதான் உதிக்குமா, தர்ஷினி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரும் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அவள் அவருடைய மேசைக்கு வந்தாள்.

"நாப்பதும் சரியாத்தானுங்க சார் இருக்குது. உங்க பாயின்ட் ஃபைலை ஒருக்கா குடுங்களேன், பாக்கறேன்."

"நா இருவது வருஷம் மைன்ஸ்ல அளந்தவம்மா" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் நாற்பதும் சரி என்ற சொல் அவரை விடவில்லை. கோப்பை அச்செடுத்து மாலை ரயிலில் விரித்தார். மேல்வரியில் அவரே போட்ட தலைப்பு: எக்ஸ், ஒய். சர்வே அறையில் வடக்கைத்தான் முதலில் எழுதுவார்கள். அதன் பெயர் எக்ஸ். கிழக்கு ஒய். கணினிக்கோ எக்ஸ் என்றால் கிழக்கு. ஜிவிஎஸ்ஐஜி அவருக்குப் புதிது என்பதால், முதல் நாள் அதில் ஒவ்வொரு எண்ணையும் தாளோடு பார்த்து, எந்தப் பத்தி எந்தத் திசை என்று சரியாகக் காட்டியிருந்தார். கியூஜிஐஎஸ்ஸில், அது கேட்ட எக்ஸுக்குத் தன் எக்ஸைக் காட்டிவிட்டு நகர்ந்திருந்தார். இரண்டு முறையும்.

பங்காருப்பேட்டை வரை அவர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. அறிக்கை அலுவலகக் கோப்புக்குள் போய்விட்டது. இனி யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நினைப்பில் ஒரு நிமிடம் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல்தான் தவறைவிட அதிகமாகக் கூசவைத்தது.

ஆகவே மறுநாள் முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். இந்த முறை தலைப்பில் கிழக்கு, வடக்கு என்றே முழுதாக எழுதினார். இரண்டிலும் ஏரி ஒன்றுபோலவே வந்தது. அறிக்கையின் கடைசிக் கட்டத்தை அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படியே கீழே எழுதினார்: "திசை: இரண்டும் சரி. புரட்டியது நான். தர்ஷினியின் நாற்பது ஏரிகளிலும் பிழை இல்லை."

ஒன்பதரைக்கு அவள் வந்தாள். பை தோளில் இருக்கும்போதே அவர் எழுந்துபோய் நின்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தபடி பேசினார்.

"நீ கேட்ட ஃபைலும் இதுலயே வெச்சிருக்கேம்மா. மொதல்ல நீ ஒரு தடவ பாரு. அப்புறம் சார்கிட்ட குடுக்கலாம். நா பாத்தா போதும்னு இனிமே எதுவும் போவக்கூடாது."

இரண்டு கைகளாலும் தாள்களை நீட்டினார். தர்ஷினி பையை இறக்கிவைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.