வயதாகாத காய்ச்சல்

இந்த ஊரில் தும்மினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் கிழவர் கைக்குட்டைக்குள் அடக்கித் தும்மிவிட்டு, முன்பின் தெரியாத என்னிடம் “ஸாரி” என்கிறார். விருத்தாசலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாய்த் தும்மினால் அம்மா துஆ ஓதுவார். பக்கத்து வீட்டு அம்மாள் “நூறு வயசு” என்பார். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இந்த மன்னிப்பு எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் தும்மலுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரவர் கையில் இருப்பதைப் பிடித்தபடி ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவார்கள்.

நான் அங்கே டெக்னீஷியன். வைரஸ்களை இனம் பிரிப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு வைரஸுக்குள்ளும் அதன் பரம்பரைச் செய்தி ஒரு நீண்ட இழையாக இருக்கிறது. எழுத்து எழுத்தாக அதைப் படிக்கும் வித்தை இப்போதுதான் கைகூடி வருகிறது. எங்களிடம் இருப்பது அதற்கு ஒரு படி கீழே. கதிர்வீச்சு ஏற்றிய இழையை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, மின்சாரத்தால் கூழ்த்தகட்டில் ஓடவிட்டு, எக்ஸ்ரே பிலிமில் பதியவைப்போம். பிலிம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒரு வைரஸின் புள்ளிகள் இன்னொன்றுக்கு வராது, கைரேகை மாதிரி. அதிலும் ஃப்ளூ வைரஸ் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்களிடையே ஓடுகிற வரைக்கும் மாறாமல் இருக்க அதனால் முடியாது.

எழுபத்தேழு முடிந்து எழுபத்தெட்டு பிறந்த குளிர்காலத்தில் ஒரு புதுக் காய்ச்சல் கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகளும் இளவட்டங்களும் விழுந்தார்கள். பெரியவர்களை அது தொடவில்லை. ரத்தச் சோதனை ஏதோ பழைய இனம் என்று காட்டியதால், குளிர்பெட்டியின் அடியிலிருந்து பழைய குப்பிகளை எடுத்து அவற்றுக்கும் பிலிம் போட்டோம். ஐம்பதாம் ஆண்டு வாக்கில் பிடித்து வைத்த வைரஸின் பிலிமைப் புதியதன் மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒன்றிரண்டு தவிர எல்லாப் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் உட்கார்ந்தன.

எங்கள் தலைவி மார்கரெட் வெகுநேரம் பிலிமைப் பார்த்தார். பிறகு என் வயதைக் கேட்டார். முப்பத்தாறு என்றேன்.

“அப்படியானால் நீ முன்பே சந்தித்திருப்பாய்.”

யாரோ விருந்தாளி வந்திருப்பதாக எண்ணி, “இல்லை, யாரும் அறிமுகப்படுத்தவில்லையே” என்றேன். மார்கரெட் சிரிக்கவில்லை. பென்சிலால் பிலிமைத் தட்டிக் காட்டினார். அந்த வைரஸைத்தான் சொல்கிறார்; ஒருமுறை அதனிடம் அகப்பட்டவர்களை அது மறுபடி தொடாது.

சந்தித்திருக்கத்தான் வேண்டும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது வீட்டில் பிள்ளைகள் மூன்று பேருக்கும் காய்ச்சல் கண்டது. அக்கா ஜமீலா முதலில் விழுந்து முதலில் எழுந்தாள். பஸ் நிலையத்தருகே அத்தா வைத்திருந்த பீங்கான் கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்து வந்து, எனக்கும் தம்பி சலீமுக்கும் அவள்தான் கஞ்சி ஊட்டினாள். ஒரு மத்தியானம் சலீம் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. அத்தா அவனைத் துணியில் சுற்றிக் கையிலேயே ஏந்திக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது என்ன காய்ச்சல் என்று அன்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான்.

அந்த ஆண்டே விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது, பீங்கான் கூடங்களின் புகைபோக்கிகளில் பாதி புகையாமல் நின்றதுதான். சூளைக்கு அடுக்கும் பையன்கள் படுத்துவிட்டார்கள் என்றார் ஜட்கா வண்டிக்காரர். அத்தாவும் அம்மாவும் போனபின் எனக்கு ஊர் என்றால் ஜமீலா வீடுதான். அங்கே அவள் மகன் ரஃபீக், அச்சில் களிமண் கூழ் ஊற்றும் வேலைக்குப் போகிறவன், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

“தெருவுல சின்னஞ்சிறுசா பாத்து விழுந்துகிட்டு இருக்குதுங்க. என்னைய மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள் ஜமீலா. “இது என்னா காச்சல்டா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“சலீமுக்கு வந்ததேவா?”

“நிச்சயமா சொல்ல முடியாதுக்கா. அந்தக் காலத்துக் காச்சல் மாதிரிதான் இருக்குது. கொஞ்சங்கூட மாறல.”

“இத்தினி வருஷம் எங்கடா இருந்துச்சு?”

மார்கரெட்டிடம் நானும் இதையேதான் கேட்டிருந்தேன். “ஏதோ ஒரு குளிரில்” என்றார் அவர்.

“எங்கியாவது ஐஸ் பொட்டியில இருந்திருக்கணும். ஆராய்ச்சிக்கு வச்சிருப்பாங்க. குளுர்ல வச்சா அப்படியே கெடக்கும்.”

“நீ வேலை பாக்குற எடத்துலயும் இருக்குதா?”

“இருக்குதுக்கா.”

ரஃபீக்குக்குக் கொடுக்க நான் வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை அவள் என் கையிலிருந்து வாங்கினாள். கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கஞ்சியைக் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேறு கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ரஃபீக்குக்கு மார்புச் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டர் வந்தபோது ஜமீலா முக்காட்டை இழுத்துக்கொண்டு கேட்டாள்: “என் தம்பி புள்ளைகிட்ட இருக்கலாங்களா?”

“இவர் வயசுக்கு ஒண்ணும் வராதும்மா.”

“அவனுக்கு வர்றதக் கேக்கலைங்க” என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அங்கே வரிசையாகப் பாய்களில் பையன்கள் படுத்திருந்தார்கள். ஒருவன் இருமினால் அடுத்தவன் தொடர்ந்தான். ரஃபீக் பிழைத்துவிட்டான். எதிர்ப்பாயில் கிடந்த பையன் பிழைக்கவில்லை. அவன் தகப்பன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனபோது, நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

புறப்படும் நாளில், “போயிட்டு வரேன்க்கா” என்றேன்.

“சரிடா. புள்ள இன்னும் இருமுறான். வாசல்லயே நின்னுக்க” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்ததும் ஆய்வுக்கூடத்தில் நடுவயதுக்காரர்களின் ரத்தத்தைச் சோதனைக்குக் கேட்டார்கள். நானும் கொடுத்தேன். என் ரத்தத்தின் தெளிநீரைத் துளித் துளியாக நீர்க்க வைத்துக்கொண்டே போனார்கள். அப்போதும் அது அந்த வைரஸை அசையவிடாமல் கட்டிப்பிடித்தது. மார்கரெட்டுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. “இதை எங்கே வாங்கினாய்?” என்று கேட்டார்.

“விருத்தாசலத்தில்.”

அவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டு, “இந்தியா” என்று முடித்துக்கொண்டார். இனி வரும் சோதனைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்சம் ரத்தம் தருவாயா என்றார். தந்தேன். அதைப் பத்திரப்படுத்துவதும் என் வேலைதான். ஊரில் என் கையால் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க அக்கா விடவில்லை; இங்கே எல்லாச் சாவிகளும் என் கையில் இருக்கின்றன. குளிர்பெட்டியின் மேல்தட்டில் அந்த வைரஸ்; கீழ்த்தட்டில் சலீமோடு ஒரே பாயில் படுத்து நான் சம்பாதித்த ரத்தம். உறைபனிப் புகை வெளியே வழிய, கதவைச் சாத்தினேன். மிச்சமிருந்த நான் வெளியே நின்று கையுறைகளைக் கழற்றினேன்.